செவியாவின் நாலு மணி

அன்புள்ள ஐயா,

நான் ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் வேலூர். ஜூலையில் தேர்வு முடிந்த கையோடு, விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்ததால் மூன்று நாள் ஸ்பெயினின் செவியாவுக்குப் (ஆங்கிலத்தில் செவில்) போனேன். அந்த ஊரைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்ததும் ஒரு காரணம்.

முதல் நாள் உச்சிப் பொழுதை அறையிலேயே கழித்துவிட்டு, வெயில் தாழ்ந்திருக்கும் என்று மாலை 4 மணிக்கு பிளாசா தெ எஸ்பான்யா என்ற அரைவட்டச் சதுக்கத்துக்குக் கிளம்பினேன். அரை மணியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு அம்மா தண்ணீர் கொடுத்து நிழலுக்கு அழைத்துப்போனார். மறுநாள் பகல் முழுவதும் விடுதியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். அல்காசர் அரண்மனைக்கு வாங்கிய பிற்பகல் டிக்கெட் வீணானது. இரவிலும் தூக்கமில்லை. 11 மணிக்குக் கூடத் தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், கிழவர்கள் நாற்காலி போட்டுப் பேசுகிறார்கள்.

வெயிலிலேயே வளர்ந்தவன் நான். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். ஊரைப் பார்த்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கோடையில் இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போவதே முட்டாள்தனமா?

பிரபு

*

அன்புள்ள பிரபு,

உங்களை ஏமாற்றியது கடிகாரம்.

செவியா கிரீன்விச்சுக்கு மேற்கே ஏறத்தாழ 6 பாகையில் இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் பக்கத்துப் போர்ச்சுகலைப் போல லண்டன் நேரத்தைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 1940இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி பெர்லினோடு சேர்த்தது. அப்புறம் யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை. கோடையில் ஐரோப்பியர்கள் கூட்டிக்கொள்ளும் இன்னொரு மணியும் அதன்மேல் ஏறுகிறது. ஆக, ஜூலையில் அங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது மணி 2:30. வேலூரில் பன்னிரண்டே காலை ஒட்டி அது நடந்துவிடும். நீங்கள் நம்பிக் கிளம்பிய 4 மணி நம் ஊர்க் கணக்கில் ஒன்றே முக்கால். ஒன்றே முக்காலுக்கு வேலூர்க் கோட்டை மைதானத்தில் போய் நிற்பீர்களா? செவியாவில் அனல் முற்றுவது 5, 6 மணிக்கு. பொழுது சாய 9:45 ஆகிவிடும்.

வெயிலில் வளர்ந்தவன் என்பதையும் உடம்பு ரொம்ப நாள் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. குளிர்நாட்டில் சில வாரங்கள் இருந்தாலே அந்தப் பழக்கம் விட்டுப்போகும். அங்கே காற்றும் வறண்டது. வியர்வை சட்டையை நனைப்பதற்குள் காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போயிற்று என்றே தெரியாது. 2021 ஆகஸ்டில் 47.6 டிகிரி பதிவான லா ரம்ப்லா என்ற ஊர், செவியா இருக்கும் அதே அந்தலூசியா மாநிலத்தில்தான் இருக்கிறது. புயலுக்குப் பெயர் வைப்பதுபோல வெப்ப அலைக்கும் பெயர் வைக்கத் தொடங்கிய முதல் நகரம் செவியா. 2022 ஜூலையில் வந்த முதல் அலைக்கு ஸோயே என்று பெயர். உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள், கேலி குறையலாம்.

ஜன்னலைச் சாத்திக்கொண்டு பகலில் கிடந்ததற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்த நேரத்தில் பாதி ஊர் அப்படித்தான் கிடந்திருக்கும். பிற்பகலுக்கு அல்காசர் டிக்கெட் வாங்கியதற்கு மட்டும் என்னிடம் அனுதாபம் கிடையாது. காலை 9:30க்கே திறக்கிறார்கள்.

அந்த ஊரைக் கட்டியவர்களுக்கு வெயில் தெரிந்திருந்தது. சியெர்ப்பெஸ் தெருவில் கோடைக்கு இரு பக்க மாடிகளுக்கும் நடுவே துணிப்பந்தல் கட்டிவிடுவார்கள். வீடுகளுக்கு நடுவில் முற்றம், முற்றத்தில் தொட்டிச் செடிகள். இன்று பேராலயத்தின் மணிக்கூண்டாக இருக்கும் ஹிரால்தா, முன்பு 1198இல் கட்டி முடித்த பள்ளிவாசல் மினாரா. அதில் உச்சியில் உள்ள சில படிகளைத் தவிர மற்றதெல்லாம் சாய்தளம்தான். பாங்கு சொல்பவர் குதிரையிலேயே மேலே போவதற்காக அப்படி அமைத்தார்கள் என்பார்கள். தடித்த சுவருக்குள் சுற்றிச் சுற்றி நடந்தால் மூச்சு வாங்காமல் மேலே போய்விடலாம்.

எதிரிலேயே இந்தியாஸ் ஆவணக் காப்பகம். கொலம்பஸ் இந்தியா என்று நினைத்துக்கொண்ட அமெரிக்காவைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. ஸ்பெயினின் குடியேற்ற நாடுகளின் காகிதங்களை 1785 முதல் அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. நான் ஒரு நாள் பிற்பகலை அங்கேதான் கழித்தேன். வரலாற்று ஆர்வம் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் போனது சலவைக்கல்லின் குளிர்ச்சிக்காக.

கோடையில் போகலாமா என்று கேட்டீர்கள். மாணவனுக்குக் கோடையில்தான் விடுமுறை, அப்போதுதான் போக முடியும். கடிகாரத்தில் இரண்டே கால் மணி கழித்துக்கொண்டு போங்கள். பிளாசா தெ எஸ்பான்யாவைக் காலையில் திறந்ததும் பாருங்கள். அந்த நேரத்தில் அரைவட்டம் முழுவதும் உங்களுக்கே கிடைக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்தது இரவு 11 மணிச் சத்தத்தைப் பற்றிய வரிதான். மூன்று நாளில் செவியா உங்கள் ஜன்னலுக்குக் கீழேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் தூக்கம் போயிற்று என்கிறீர்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதை அவர்கள் ‘தோமார் எல் ஃப்ரெஸ்கோ’ என்கிறார்கள். நாம் காற்று வாங்குவது என்கிறோமே, அதேதான். குளிரூட்டி வந்தபிறகு அது குறைந்துவிட்டதாக அங்கேயும் பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

நான் தங்கிய தெருவில் ஒரு பாட்டி, நான் சும்மா நிற்பதைப் பார்த்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்குத் தெரிந்த ஸ்பானியச் சொற்கள் பத்து இருக்கும். ஏதாவது பேச வேண்டுமே என்று ‘கலோர்’ என்றேன், வெப்பம். அவர் தலையாட்டிவிட்டு, கடைசி எழுத்தை விழுங்கி, ‘கலோ’ என்று அந்த ஊர் வழக்கில் திருத்தினார். நானும் கலோ என்றேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.