ஆமைப் பட்டியில் மழைநீர் தேங்கினால் என்ன செய்வது?

கேள்வி: ஐயா, நிலத்தாமைகள் மூன்று வளர்க்கிறேன். தோட்டத்து மூலையில் தரையைச் சற்று வெட்டித் தாழ்த்தி, சுற்றிலும் கம்பி வலை அடித்து விட்டிருக்கிறேன். களிமண் பூமி என்பதால் மழை பெய்தால் சேறு காய நாளாகிறது. ஒரு ஆமைக்கு மூக்கில் நீர்க்குமிழி வருகிறது. இன்னும் ஆழமாகத் தோண்டி, அடியில் ஜல்லி கொட்டி, மேலே மணல் பரப்பினால் சரியாகுமா? அல்லது ஷீட் போட்டு முழுவதையும் மூடிவிடலாமா?

பதில்: பட்டி வேலை பிறகு இருக்கட்டும். மூக்கில் குமிழி வரும் ஆமையை உடனே மற்றவற்றிடமிருந்து பிரித்து, உலர்ந்த, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஊர்வன பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுக்கு உதவும் தசையான உதரவிதானம் ஆமைக்குக் கிடையாது. சளியை நம்மைப் போல இருமி வெளியேற்ற அதனால் முடியாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் தொற்று நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

ஜல்லி யோசனையைக் கைவிடுங்கள். களிமண்ணில் தோண்டி ஜல்லி நிரப்பினால் அது வடிகால் ஆகாது, தண்ணீர்த் தொட்டிதான் ஆகும். நீர் வெளியேற வழியில்லாததால் சுற்றியுள்ள நிலத்தின் நீரும் அங்கேதான் வந்து சேரும். வெளியே வடிய வழி வைத்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பொடி மண்ணுக்கு அடியில் பருஞ்ஜல்லி இருந்தால், மேல்மண் முழுக்க ஊறும் வரை நீர் ஜல்லிக்குள் இறங்காது. ஆமை நடக்கும் மேல்பரப்புதான் அதிக நேரம் ஈரமாக இருக்கும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளங்கள். 2.5 செ.மீ. கூட இறங்காவிட்டால் அந்த மண்ணை நம்பிப் பயனில்லை. தரையை உயர்த்துவது ஒன்றே வழி.

வெட்டிய பள்ளத்தை மூடி, சுற்றுத் தரையைவிட 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மேடு கட்டுங்கள். மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் ஒரே பக்கமாக இருக்கட்டும். மேட்டுப் பக்கத்திலிருந்து ஓடிவரும் நீரைப் பட்டிக்கு வெளியிலேயே வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள். ஜல்லிக்கு இடம் தாழ்ந்த ஓரத்தில்தான்: அங்கே பட்டிக்கு வெளியே ஒரு கால்வாய் எடுத்து, துளையிட்ட குழாயை வடிகட்டும் துணியில் சுற்றிப் பதித்து, ஜல்லியால் மூடி, அதைவிடத் தாழ்வான இடத்தில் திறந்துவிடுங்கள்.

மேட்டுக்குப் பொலபொலப்பான மணற்பாங்கு மண்ணும் மக்கிய இலையும் கலந்தது நல்லது. இருக்கும் களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் காய்ந்ததும் சிமெண்ட் போல இறுகும். வெறும் மணலும் வேண்டாம். தீவனத்தோடு வயிற்றுக்குள் போய்க் குடலை அடைக்கும்.

நீர் தேங்கக் கூடாது என்பதற்காகப் பட்டியைப் பாலைவனமாக்கிவிடாதீர்கள். வறட்சியில் வளரும் குட்டிகளுக்கு ஓடு மேடுமேடாகப் புடைத்துவிடும். நிழலான ஒரு மூலையில் செடிகளுக்கு அடியில் மண் லேசாக ஈரமாக இருக்கட்டும். எங்கே இருப்பது என்பதை ஆமையே தேர்ந்துகொள்ளும்.

முழுக் கூரையும் கூடாது. கண்ணாடியும் பெரும்பாலான பாலிகார்பனேட் ஷீட்டுகளும் வெயிலில் உள்ள புற ஊதா-பி கதிரைத் தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது, சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது, ஓடு மென்மையாகிவிடும். மூன்றில் ஒரு பங்குக்குக் கூரை போதும். அதன் கீழ் தரையிலிருந்து 10 செ.மீ. உயர்த்திய கொட்டகையும் ஏறிச்செல்லச் சரிவுப் பலகையும் வையுங்கள். வாசல் சாரல் அடிக்காத பக்கம் இருக்கட்டும்.

கம்பி வலையை எடுத்துவிட்டு ஹாலோ பிளாக் சுவர் வையுங்கள். வலை வழியே வெளிப்புறம் கண்ணில் பட்டால் ஆமை நாள் முழுக்க வேலியை முட்டிக்கொண்டே நடக்கும், மூலையில் ஏறி மல்லாந்துவிடும். வெயிலில் மல்லாந்து கிடந்தால் உயிருக்கே ஆபத்து. மூலைகளில் உள்நோக்கி ஒரு விளிம்பு நீட்டுங்கள். அடித்தளம் 30 செ.மீ. ஆழம் இருக்கட்டும். ஆனால் உங்களுடையவை சல்கேட்டா என்னும் பெரிய ஆப்பிரிக்க நிலத்தாமை இனம் என்றால் இந்த ஆழம் போதாது. அவை பல மீட்டர் நீளத்துக்கு வளை தோண்டும். பெருமழையில் அந்த வளை நீரால் நிரம்பலாம், இடிந்தும் விழலாம். அதனால் மழைக்கு முன்பே ஆமைகளை எண்ணிக் கொட்டகைக்குள் அடைத்துவிடுங்கள்.

தண்ணீர்த் தட்டு ஆமையின் தாடை உயரத்துக்கு மேல் ஆழமாக இருக்கக் கூடாது. அதிலேயே மலம் கழிக்கும் என்பதால் தினமும் கொட்டிக் கழுவ வேண்டிவரும். தட்டைத் தாழ்ந்த ஓரத்தில் வைத்தால் கொட்டும் நீர் கொட்டகைப் பக்கம் போகாது. அரளி, உன்னிச்செடி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள், இரண்டும் நஞ்சு. செம்பருத்தி வைக்கலாம், நிழலும் தரும், இலையும் பூவும் தின்னலாம்.

எல்லாம் முடிந்ததும் ஆமைகளை உடனே விடாதீர்கள். ஹோஸ் பிடித்துப் பட்டி முழுக்க நனைத்து, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். குட்டை நிற்கும் இடத்தில் மண் போட்டு வாட்டத்தைச் சரிசெய்யுங்கள். புது மண் முதல் மழைக்காலத்தில் எப்படியும் அமுங்கும். மேலே போடக் கொஞ்சம் மண்ணை ஒதுக்கி வைத்திருங்கள்.