வாசகர் கேள்வி–பதில்: கடல் சூடானால் நட்சத்திர மீனுக்கு என்ன ஆகும்?

கேள்வி: கடல்நீர் சூடானால் நட்சத்திர மீன் வேகமாக வளரும் என்கிறார்களே, அப்படியானால் வெப்பம் அதற்கு நல்லதுதானே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஓரளவு வரைதான். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் ‘பைசாஸ்டர் ஒக்ரேசியஸ்’ இனத்தில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. ஆழத்துக் குளிர்நீர் மேலே வந்து வெப்பநிலை 3 டிகிரி குறைந்தாலே, அது மஸல் சிப்பிகளைத் தின்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் கரையில் ஆய்வாளர் எரிக் சான்ஃபோர்டு இதை 1999-இல் காட்டினார். 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இளம் பைசாஸ்டர்களை 3 டிகிரி கூடுதல் வெப்பத்திலும் இரட்டிப்புக் கார்பன் டை ஆக்சைடிலும் வைத்தார்கள். 10 வாரத்தில் வளர்ச்சி சுமார் 67 சதவீதம் கூடியது. ஆனால் உடலில் சுண்ணாம்புப் பகுதியின் பங்கு குறைந்தது. எடை ஏறியதை மட்டும் பார்த்து ‘நல்லது’ என்று சொல்லிவிட முடியாது.

தின்றதில் செரிமானம், மூச்சு, கழிவு ஆகியவற்றுக்குப் போக மிஞ்சுவதுதான் வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் கிடைக்கும். வெப்பம் ஏற ஏற மூச்சுச் செலவு கூடிக்கொண்டே போகும். தீனியோ ஒரு கட்டத்துக்கு மேல் கூடாது. பிறகு சரியத் தொடங்கும். அந்தக் கட்டத்தைத் தாண்டினால், கைகளுக்குள் உள்ள செரிமானச் சுரப்பிகளில் சேர்ந்த கொழுப்பும் புரதமும் கரையும். இனப்பெருக்க உறுப்பு வளர்வதும் அந்தச் சேமிப்பிலிருந்துதான்.

கேள்வி: மீன்களைப் போல அதுவும் சமாளித்துக்கொள்ளாதா?

பதில்: அதற்குச் செவுள் கிடையாது, சிறுநீரகமும் கிடையாது. தோலின் மெல்லிய புடைப்புகள் வழியாகவும் குழாய்க்கால்கள் வழியாகவும்தான் ஆக்சிஜன் உள்ளே வருகிறது. வெளிநீரின் உப்பு மாறினால் உடல்நீரின் உப்பும் மாறும். அமிலம் கூடினாலும் பெரும்பாலும் அப்படியே. 35 உப்புத்தன்மையுள்ள (கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு) கடல்நீர் 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கொள்ளும். 25 டிகிரியில் 6.7 மில்லிகிராம்தான். தேவை கூடும் வேளையில் வரத்து குறைகிறது.

பைசாஸ்டருக்கு ஓர் உபாயம் உண்டு. ஓத இறக்கத்தில் நீர் வற்றியபோது வெயிலில் காய்ந்திருந்தால், அடுத்த ஓத ஏற்றத்தில் குளிர்ந்த கடல்நீரைக் கூடுதலாக உடலுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். மறுமுறை வற்றும்போது உடல் மெதுவாகவே சூடாகும். கடல்நீரே சூடாக இருந்தால் இந்த உபாயம் பலிக்காது.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் இதன் ஆற்றல் செலவை அளக்க முடியுமா?

பதில்: முடியும். மூடிய கலனில் ஆக்சிஜன் குறையும் வேகத்தைப் பாருங்கள். முதலில் 48 மணி நேரம் தீனி நிறுத்துங்கள். இல்லையேல் செரிமானச் செலவும் கணக்கில் ஏறும். கலனுக்குள் காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதிலிருந்து ஆக்சிஜன் கரைந்து அளவைக் குறைத்துக் காட்டும். நீரைக் கலக்கும் காந்தக் கலக்கியில் விலங்கு படாமல் அதற்கு மேல் வலைத்தட்டு வையுங்கள். விலங்கு இல்லாத இன்னொரு கலனையும் கூடவே ஓட்டுங்கள். நீரிலுள்ள பாக்டீரியாவின் பங்கு அதில் தெரியும். ஆக்சிஜன் செறிவு 80 சதவீதத்துக்குக் கீழே போகும் முன் நிறுத்திவிடுங்கள்.

எடுத்துக்காட்டாக, 6 லிட்டர் கலனில் 200 கிராம் விலங்கு. அது 0.2 லிட்டர் இடம் பிடித்தால் நீர் 5.8 லிட்டர். ஒரு மணியில் ஆக்சிஜன் லிட்டருக்கு 8.0 மில்லிகிராமிலிருந்து 7.2-க்கு இறங்கியது, வெற்றுக் கலனில் 0.1 குறைந்தது என்று வைப்போம். 0.8-இல் 0.1 போக விலங்கின் பங்கு 0.7. 0.7 × 5.8 = 4.06 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் ஆக்சிஜனுக்குச் சுமார் 14 ஜூல். ஆக மணிக்கு 57 ஜூல். பலரும் நீரின் அளவிலிருந்து விலங்கின் கன அளவைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். வேறு வெப்பநிலையில் அளப்பதென்றால் விலங்கை அதே வெப்பத்தில் சில வாரமாவது பழக்குங்கள். உடனே அளந்தால் கிடைப்பது அதிர்ச்சியின் அளவு.

கேள்வி: 2013 முதல் அமெரிக்கக் கரையில் நட்சத்திர மீன்கள் கரைந்து செத்தது வெப்பத்தாலா?

பதில்: நோயால். ‘விப்ரியோ பெக்டெனிசிடா’ என்ற பாக்டீரியாவே சூரியகாந்தி நட்சத்திர மீன்களுக்கு அந்நோயை உண்டாக்குகிறது என்று 2025-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2014–16 கடல் வெப்ப அலை வேளையில் அந்த இனத்துக்குப் பேரிழப்பு நேர்ந்தது.

கேள்வி: வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் நட்சத்திர மீன் ஏன் நிலைப்பதில்லை?

பதில்: கொண்டுவந்த சில நாளில் செத்தால், உப்பு மாற்றத்தைச் சந்தேகியுங்கள். தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மூன்று மணி நேரம் விட்டுப் பழக்கிய பிறகே இறக்குங்கள். பல மாதம் கழித்துச் செத்தால் பெரும்பாலும் பட்டினிதான். மணலைச் சலித்துத் தின்னும் இனங்கள் சிறிய தொட்டியின் இரையைத் தீர்த்துவிட்டு, சேமிப்பைக் கரைத்தே ஓட்டும். வெளியே ஒன்றும் தெரியாது. அந்த இனங்களைச் சிறிய தொட்டிக்கு வாங்க வேண்டாம்.