பொறுத்துப் பொறுத்து வெடித்துவிடுகிறேன். அணியினர் என்னிடம் பேசவே தயங்குகிறார்கள்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சில மாதங்களுக்கு முன் அந்தப் பிரிவுக்கே என்னைத் தலைமைப் பொறுப்பில் வைத்தார்கள். அணியில் என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். கூட்டத்தில் நான் எதைச் சொன்னாலும், "இதெல்லாம் முன்னாடியே செஞ்சு பார்த்ததுதான்" என்று தட்டிவிடுவார். நான் சிரித்துச் சமாளிப்பேன். புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், தவறு செய்தால் கடைசி நேரம்வரை வாயே திறக்கமாட்டார். அதையும் பொறுத்துக்கொண்டே வந்தேன்.

மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வாரத்தில் எனக்குத் தூக்கமே சரியாக இருக்காது. போன மாதம் அறிக்கை அனுப்பவேண்டிய காலையில்தான், ஒரே பில் இரண்டு முறை பதிவாகியிருப்பது தெரிந்தது. எல்லார் முன்னாலும் அந்த இளைஞரைக் கத்திவிட்டேன். "உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம்?" என்றும் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து யாரும் என்னிடம் சந்தேகம் கேட்டு வருவதில்லை. இன்னொரு பக்கம், மேலதிகாரி என் வேலையில் குறை சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது. உணர்ச்சியே இல்லாமல் இருக்கப் பழகுவது எப்படி?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உணர்ச்சியே இல்லாமல் இருக்க நான் வழி சொல்லப்போவதில்லை. இத்தனை மாதமாக நீங்கள் முயன்றது அதைத்தான். கத்தலில் கொண்டுபோய் விட்டதும் அதுதான். மூத்தவர் தட்டிவிட்டபோது சிரித்தீர்கள். இளைஞர் தவறை மறைத்தபோதும் பொறுத்தீர்கள். அப்போதே பேசியிருந்தால் ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கக்கூடிய எரிச்சல். எல்லாம் சேர்ந்து ஒரே ஆளின் தலையில் இறங்கியது, அதுவும் அணியிலேயே இளையவர் தலையில்.

உணர்ச்சியை வெளியே காட்டாமல் அடக்குவதைப் பற்றி ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் 1990-களில் தொடங்கிப் பல ஆய்வுகள் செய்திருக்கிறார். முகத்தில் தெரிவது குறைகிறது. உள்ளே இருக்கும் கோபமோ அவமானமோ அப்படியேதான் இருக்கிறது. இதயமும் ரத்தக்குழாய்களும் கூடுதலாக உழைக்கின்றன. அடக்கிக்கொண்டே கேட்பவருக்கு, அப்போது பேசிய விஷயம் பிறகு சரியாக நினைவிருப்பதும் இல்லை. அவரது குழு 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அடக்கியபடி பேசியவருக்கு எதிரில் இருந்தவருக்கும் ரத்த அழுத்தம் கூடியது. நீங்கள் சிரித்துச் சமாளித்த நாட்களிலும் ஏதோ சரியில்லை என்று உங்கள் அணியினர் உணர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. காரணம் தெரியாதபோது, தங்கள்மேல்தான் கோபம் என்று ஆளுக்கொரு கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

எல்லாவற்றுக்கும் முன் நடந்ததைச் சரிசெய்யுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் உங்கள் வேலைக்கே இது ஆபத்து. எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து, 1996-இல் முடிவுகளை வெளியிட்டார். நல்ல தலைமை இருந்த பிரிவுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறைச் சொல்ல ஊழியர்களுக்குப் பயமில்லை. மற்ற இடங்களில் மறைத்தார்கள். உங்கள் இளைஞர் ஏற்கெனவே மறைப்பவர். கத்தலுக்குப் பிறகு அவர் இன்னும் ஆழமாக மறைப்பார், மற்றவர்களும் கற்றுக்கொள்வார்கள். இப்போது யாரும் சந்தேகம் கேட்டு வரவில்லை என்றால், அடுத்த இரட்டைப் பதிவும் உங்கள் காதுக்கு வராது.

முதலில் அந்த இளைஞரிடம் தனியாகப் பேசுங்கள். எல்லார் முன்னாலும் கத்தியதால், அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஒருமுறை சொல்லுங்கள். "அன்றைக்கு நான் குரல் உயர்த்தியதும், அந்த வார்த்தையைச் சொன்னதும் தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள். தவறு தெரிந்ததும் என்னிடம் சொல்லலாம், நான் கேட்டுக்கொள்வேன்." இவ்வளவு போதும். இங்கே பெரும்பாலானவர்கள் சறுக்குவது "ஆனால்" என்ற சொல்லில். "ஆனால் நீங்களும் கடைசி நேரத்தில் சொன்னீர்கள்" என்று சேர்த்தால் மன்னிப்பு குற்றச்சாட்டாக மாறிவிடும். நீளமாக அழுது புலம்புவதும் கூடாது. அப்புறம் அணியினர் உங்களைத் தேற்றவேண்டியதாகிவிடும்.

பதிவில் நேர்ந்த தவறை வேறொரு நாள், தனியே எடுத்துப் பேசுங்கள். நடந்தது என்ன, அதனால் என்ன ஆயிற்று, இனி என்ன வேண்டும் என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். "ஒரே பில் இரண்டு முறை பதிவாகியிருந்தது. அறிக்கை போகிற அன்றுதான் தெரிந்தது. இனி அறிக்கைக்கு மூன்று நாள் முன்பு நாம் இருவரும் உட்கார்ந்து பதிவுகளைச் சரிபார்ப்போம்." "எப்பவும்", "ஒருபோதும்", "பொறுப்பே இல்லை" போன்ற சொற்கள் வந்தால் பேச்சு அவர் குணத்தின்மேல் போய்விடும். பிறகு அவர் தன்னைக் காத்துக்கொள்வதில்தான் குறியாக இருப்பார்.

இனி உங்களுக்கான பயிற்சி. கோபத்தைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை அளந்து பாருங்கள். நாளில் மூன்று வேளை, கூட்டத்துக்கு முன்னும் பின்னும், எண்ணையும் அதன் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். "டென்ஷன்" என்று எழுதாதீர்கள். அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. மூத்தவர் தட்டிவிட்டபோது வந்தது அவமானமா, பதவி நிலைக்குமா என்ற பயமா, ஏமாற்றமா? உணர்ச்சிக்குச் சரியான சொல் கொடுக்கும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைவதை உளவியலாளர் மேத்யூ லீபர்மனின் குழு 2007-இல் மூளைப் படங்கள் மூலம் காட்டியது. சொல் கிடைத்தால் செய்யவேண்டியதும் தெரியும். அவமானம் என்றால் எல்லையைச் சொல்லவேண்டும். பயம் என்றால் தகவல் தேடவேண்டும்.

எண் மூன்று, நான்கில் இருக்கும்போதே பேசிவிடுங்கள். உங்களிடம் இல்லாத பழக்கம் இதுதான். சின்ன விஷயம் என்று விடுவது பெருந்தன்மைபோலத் தோன்றும், ஆனால் சின்னதாக இருக்கும்போதுதான் குரல் நிதானமாக வரும். ஏழைத் தாண்டிவிட்டால் பேச்சை நிறுத்துங்கள். தாடை இறுகுவது, காது சூடாவது, எதிரில் இருப்பவர் பேசி முடிக்குமுன்பே பதில் வாய்க்கு வந்துவிடுவது எல்லாம் அதற்கான அறிகுறிகள். "இதை அரை மணி நேரம் கழித்துப் பேசுவோம்" என்று நேரத்தோடு சொல்லி எழுந்திருங்கள். நேரம் சொல்லாமல் போனால் அதுவும் ஒரு தண்டனையாகத்தான் தெரியும். உடலின் படபடப்பு அடங்கக் குறைந்தது இருபது நிமிடம் ஆகும். இரண்டு நிமிடத்தில் திரும்பிவந்தால் விட்ட இடத்திலிருந்தே கத்துவீர்கள்.

அந்த இருபது நிமிடத்தில் தோழியை அழைத்துக் கொட்டித் தீர்க்கத் தோன்றும். வேண்டாம். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துமூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. மெதுவாக நடங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, நான்கைந்து நிமிடம். அவசரமாகப் பெரிய மூச்சுகளாக இழுத்தால் தலை சுற்றும், படபடப்பும் கூடும். மூச்சை விடும் நேரம் நீண்டிருக்கவேண்டும், அதுதான் முக்கியம்.

மூத்தவருக்கு வருவோம். அந்தப் பதவியை அவரும் எதிர்பார்த்திருக்கலாம். உறுதியாகத் தெரியாது, ஆகவே ஊகத்தை அவர்மேல் போடாமல் கேளுங்கள். தனியறையில், "சார், கூட்டத்தில் நான் சொல்வதை ‘செஞ்சு பார்த்ததுதான்’ என்று முடித்துவிட்டால் மற்றவர்களும் பேச்சை விட்டுவிடுகிறார்கள். முன்பு எங்கே தவறிப்போனது என்று எனக்கு முன்னாடியே சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தில் இப்படி வேண்டாம்." மரியாதையும் எல்லையும் இரண்டுமே அதில் இருக்கவேண்டும். கூட்டத்தில் மறுபடி நடந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே முடிவுசெய்து வையுங்கள்: அவர் தட்டிவிட்டால், பேனாவைக் கீழே வைத்து ஒரு மூச்சு விட்டு, "அப்போது என்ன தடையாக இருந்தது, சொல்லுங்கள்" என்பேன் என்று. இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன் என்று முன்கூட்டியே எழுதிவைத்தது நெருக்கடியில் தானாகவே நினைவுக்கு வரும்.

கண் கலங்குவதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். மறைக்கப் போராடும்போதுதான் மேலதிகாரி சொல்வது காதில் விழாமல் போகிறது. "இந்த வேலை எனக்கு முக்கியம், அதனால் கண் கலங்குகிறது. நீங்கள் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்குங்கள். அவர் குறை சொல்வது வேலையைப் பற்றியா, உங்களை இழிவுபடுத்தியா என்பதைப் பிரித்துப் பாருங்கள். இழிவுபடுத்தினால் அது உங்கள் பயிற்சியால் தீரும் பிரச்சினை இல்லை. தேதியோடு எழுதிவைத்து, மனிதவளப் பிரிவிடம் கொண்டுபோகவேண்டியது.

தூக்கத்தைச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் இரவு தூங்காதவர்களின் அமிக்டலா, மனத்தைக் கலக்கும் படங்களைப் பார்த்தபோது தூங்கியவர்களுடையதைவிட 60 சதவீதம் கூடுதலாகச் செயல்பட்டதை 2007-இல் தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கரின் குழு கண்டறிந்தது. கணக்கு முடிக்கும் வாரத்தில் யாரையும் கண்டிக்கும் பேச்சை வைத்துக்கொள்ளாதீர்கள். கோபமான மின்னஞ்சலை எழுதவேண்டியிருந்தால், பெறுபவர் முகவரியை நிரப்பாமல் எழுதி, தூங்கி எழுந்து படியுங்கள்.

இவற்றை ஆறு வாரம் செய்துபாருங்கள். நடுவே ஒருமுறை குரல் உயர்ந்தாலும் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடருங்கள். ஆனால் கணக்கு முடிந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல் இருந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை வந்தாலோ, இந்தப் பயிற்சிகளோடு நிற்காமல் உடனே ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.