லிங்க்ட்இன் அழைப்புகளை யாரும் ஏற்கவில்லை என்றால்

புது இணைப்பு அழைப்புகள் (connection request) அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, முதலில் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியை மாற்றுங்கள். தினமும் பதிவு போட்டும் அழைப்புகள் கிடப்பிலேயே இருப்பதற்குப் பெரும்பாலும் அந்த வரிதான் காரணம்.

அழைப்பு வந்தவர் உங்கள் பதிவுகளைத் தேடிப்போய்ப் படிப்பதில்லை. படம், பெயர், அந்த ஒரு வரி, இவைதான் முதலில் கண்ணில் படும். அதில் ‘கற்றலில் தீராத ஆர்வம், குழுவாகப் பணியாற்றும் திறன்’ என்பது போல எழுதியிருந்தால், அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. ஆனால் மொபைலில் முன்பகுதி மட்டுமே தெரியும். அதனால் ‘மருத்துவமனைகளின் பில்லிங் தரவை ஆராய்கிறேன்’ என்பது போல, செய்யும் வேலையை முதலில் வையுங்கள்.

ஒரு சோதனை: உங்கள் துறையில் நாலைந்து பேரின் பதிவுகளில் உருப்படியாக ஏதாவது கேளுங்கள் (‘அருமை’, ‘சூப்பர்’ எல்லாம் கணக்கில் வராது). அவர்கள் பதில் சொன்ன பிறகு அதைக் குறிப்பிட்டு அழைப்பு அனுப்புங்கள். இவை மட்டும் ஏற்கப்பட்டால், அறிமுகம் இல்லாததும் ஒரு சிக்கல் என்று அர்த்தம்.

அப்புறம், பழைய அழைப்புகளை அவசரப்பட்டு மொத்தமாகத் திரும்பப் பெறாதீர்கள். பெற்றால் அதே நபருக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது.