ஆயிரம் குடும்பத்தை ஏமாற்றியவருக்கு மூன்று வருடச் சிறை போதுமா?

பெரிய மோசடிக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு குறைவான தண்டனை, மக்கள் இதற்குக் கோபப்படுவது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். அந்தக் கோபத்தை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

என் பெரியப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணம் முழுவதையும் ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். மூன்று வருடம் தேதி தவறாமல் வட்டி வந்தது. நான்காம் வருடம் கதவில் பூட்டு தொங்கியது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் டெபாசிட் ரசீதை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போவார். ஒருவரும் அதைக் கேட்டதில்லை. கடைசியில் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் மூன்று ஆண்டு என்று தீர்ப்பு வந்தது. ஆனால் எல்லாவற்றையும் ஏககாலத்தில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே நேரத்தில், அனுபவித்தால் போதுமாம். மொத்தமே மூன்று ஆண்டுதான்.

"அப்போ என் பணத்துக்கு அவன் எத்தனை நாள் உள்ள இருப்பான்?" என்று கேட்டார் பெரியப்பா. கணக்குப் போட்டோம். ஏமாந்தவர்கள் இரண்டாயிரம் பேர். ஆளுக்கு அரை நாள் வந்தது.

இந்த 'ஏககாலம்' ஒரு காரணம். இன்னொன்றுதான் என்னால் பொறுக்க முடியாதது. தண்டனையைக் குறைக்கச் சொல்லி வைக்கும் வாதம் பெரும்பாலும் ஒன்றுதான்: முதல் குற்றம், சமூகத்தில் நல்ல பெயர், யாரையும் அடிக்கவில்லை. அந்த நல்ல பெயரைக் காட்டித்தானே பணத்தையே வாங்கினார்! பூட்டை உடைக்கிறவனுக்குக் கடப்பாரை எப்படியோ, இவருக்கு மரியாதை அப்படி. முதல் குற்றம் என்பதும் சரியில்லை. பழையவர்களுக்கு வட்டி கொடுக்கப் புதியவர்களிடம் பணம் வாங்கிய ஒவ்வொரு மாதமும் ஒரு குற்றம்தான்.

எல்லா இடத்திலும் லேசாக விடுகிறார்கள் என்று சொல்ல முடியாது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய அமெரிக்க நிதி ஆலோசகர் பெர்னி மேடாஃபுக்கு 2009-ல் 150 ஆண்டு விதித்தார்கள், சிறையிலேயே இறந்தார். ஆனால் நம் நாட்டில், சத்யம் கணினி நிறுவனத்தின் கணக்கு மோசடி வழக்கில், அதன் நிறுவனர் ராமலிங்க ராஜுவுக்கு 2015 ஏப்ரலில் ஏழு ஆண்டு விதித்தார்கள். அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது. மேல்முறையீடு செய்ய அவருக்கு உரிமை உண்டு, அது சரி. பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியத்தானே செய்யும்?

மோசடியில் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரானின் முன்னாள் தலைமை அதிகாரி ஜெஃப்ரி ஸ்கில்லிங்குக்கு முதலில் 24 ஆண்டு. 2013-ல் அதை 14 ஆக்கினார்கள். ஆனால் அதற்காக அரசுத் தரப்போடு செய்த உடன்பாட்டில் அவர் மேற்கொண்டு வழக்காடுவதை விட்டதால், அவரிடம் பறிமுதலான 4 கோடி டாலருக்கு மேல் ஏமாந்தவர்களுக்குப் போக வழி பிறந்தது. இப்படிக் குறைப்பதை நான் எதிர்க்க மாட்டேன். பணத்தைக் கொண்டுவந்து கொடு, அப்புறம் சலுகை கேள். பணம் எங்கேயோ பத்திரமாக இருக்க, மூன்று வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தால் அவருக்கு அது லாபக் கணக்குதான். அதனால்தான் புகார் வந்த உடனே சொத்துகளை முடக்குவது, தண்டனையின் நீளத்தைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

மேடாஃபுக்குத் தண்டனை அறிவிக்கும் முன் ஏமாந்தவர்களில் ஒன்பது பேரை நீதிமன்றத்தில் பேச விட்டார்கள். என் பெரியப்பாவுக்கும் அப்படி ஐந்து நிமிடம் கொடுத்திருக்கலாம். அந்த ரசீதை உறையிலிருந்து எடுத்துக் காட்டியிருப்பார்.