ஏழு பேர் கூடினால் சங்கமா?

பட்டர்வொர்த்தில் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்தும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். உணவு வங்கி, நோயாளர் உதவிக் குழு, பெண்கள் அமைப்பு, ஆலய இளைஞர் பிரிவு, இவருடைய டியூஷன் சங்கம் என ஐந்து அமைப்புகளின் தலைவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்களாம். "கூட்டமைப்பாகப் பதிந்தால்தான் மானியம் கிடைக்கும். 3,000 வெள்ளிக்கு எல்லாம் முடித்துத் தருகிறேன்" என்கிறாராம் ஒருவர். பதியலாமா?

இப்போது வேண்டாம், சகோதரி.

மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டம் ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பைத்தான் சங்கம் என்கிறது. நோக்கம் எதுவானாலும், தற்காலிகமானதே ஆனாலும் சங்கம்தான். நீங்கள் ஐந்து பேர். ஆனால் அடுத்த மாதம் ஆளுக்கொரு செயலாளரை அழைத்து வந்தால் பத்தாகிவிடும். அதற்காகப் பயப்பட வேண்டாம். பத்துப் பேர் கூடித் தே தாரேக் குடித்துப் பேசினால் அது கூட்டம், அவ்வளவுதான். அந்தப் பத்துப் பேரும் ஒரு பெயர் வைத்து, தலைவர், பொருளாளர் நியமித்து, சந்தா வாங்கி, அந்தப் பெயரில் நன்கொடை கேட்கத் தொடங்கினால் கதை மாறும். பதியாத சங்கம் சட்டவிரோதச் சங்கம். ஆகவே பெயர்ப்பலகை, லெட்டர்ஹெட், பொறுப்பாளர் பட்டியல் எதுவும் வேண்டாம். அவரவர் தம் சங்கத்தின் பெயரிலேயே பேசுங்கள்.

பணம் வந்தால்? ஐவரில் கணக்கு ஒழுங்காக வைத்திருக்கும் ஒரு பதிவுபெற்ற சங்கம் அதை வாங்கட்டும். அதன் செயற்குழு தீர்மானம் எழுத வேண்டும், தனி லெட்ஜர் வேண்டும். பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குப் போகும் ஆண்டறிக்கையில் அந்தப் பணமும் இருக்க வேண்டும். அந்தச் சங்கத்தின் சட்டவிதியில் இந்த வேலைக்கு இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், விதியைத் திருத்திப் பதிவிலாகாவின் ஒப்புதல் வாங்கிய பிறகே பணத்தைத் தொடலாம்.

சரி, அந்த 3,000 வெள்ளிக்காரருக்கு வருவோம். பதிவு விண்ணப்பம் இணையத்தில் நீங்களே செய்யக்கூடியது. இப்படிப்பட்டவர்கள் சொல்லும் அடுத்த பொய், "வரிவிலக்குக் கடிதமும் சேர்த்துத் தருகிறேன்." சங்கப் பதிவு வேறு, வருமான வரிச் சட்டத்தின் 44(6)-ஆம் பிரிவின் கீழ் கிடைக்கும் வரிவிலக்கு வேறு. அதைக் கொடுப்பது உள்நாட்டு வருமான வரி வாரியம் மட்டுமே. இந்த விவரம் தெரியாத நல்ல மனிதர்கள் ஆண்டுதோறும் ஏமாறுகிறார்கள். முன்பணம் கேட்டால், ரசீது எந்தப் பெயரில் வரும் என்று கேட்டுப் பாருங்கள்.

நானும் ஒரு காலத்தில் கோலாலம்பூரில் இப்படியொரு கூட்டமைப்பில் இருந்தேன். முதல் ஆறு மாதம் சின்னம் வரைவதிலும், எந்த டத்தோவைப் புரவலராக்குவது என்ற சண்டையிலும் போனது. பொன்னாடைக்குச் செலவான பணத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்கியிருக்கலாம். மானியம் தருபவர்களும் லேசுப்பட்டவர்களில்லை: தொடக்க விழாவுக்குக் கொடுப்பார்கள், கணக்கெழுதும் பிள்ளையின் சம்பளத்துக்குக் கொடுக்க மாட்டார்கள்.

நிலைத்து நின்ற கூட்டணிகள் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவை. 1985-இல் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக இணைந்த மகளிர் அமைப்புகளைப் பாருங்கள். அவை போராடிக் கேட்ட குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறியது, அமலுக்கு வந்தது 1996-இல். பதினோரு வருடம்! உங்கள் பினாங்கிலேயே 2008 முதல் பினாங்கு ஃபோரம் என்று பொதுநல அமைப்புகள் தளர்வான கூட்டணியாக இயங்குகின்றன.

அடுத்த கூட்டத்துக்கு ஐவரும் தாங்கள் உதவும் குடும்பங்களின் எண்ணிக்கையை எழுதி வாருங்கள். பெயர்கள் வேண்டாம், அடுக்குமாடி வாரியாகப் போதும். ஒரே பிளாக்கில் மூன்று அமைப்புகள் அரிசி கொடுத்துக்கொண்டிருக்க, பக்கத்து பிளாக்குக்கு யாருமே போகாதது அதில் தெரியவரலாம். அதை வைத்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் இப்படி ஓடிய பிறகு, சம்பளத்துக்கு ஆள் வைக்கும் நிலை வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். பதிவைப் பற்றி அப்போது பேசலாம்.