மகள் 'டிராபிகல் ஆர்க்கிடெக்சர்' என்கிறாள், நம்பிச் சேர்க்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகளை சிவில் இன்ஜினியரிங்கில் சேர்க்க நினைத்தோம். அவளோ பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டம்) படித்து, வெப்ப நாடுகளுக்கான கட்டடங்களில் சிறப்புத் தேர்ச்சி பெற வேண்டும் என்கிறாள். இதற்கு வேலை இருக்கிறதா?

பதில்: இருக்கிறது அம்மா. ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் வரும் முற்றமும் வாழைமரமும் பிடித்துப்போய்ச் சொல்கிறாளா, இல்லை வெயிலையும் காற்றையும் கணக்குப் போடப் பிடித்திருக்கிறதா? இந்தத் துறைக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

இது நேற்று முளைத்த ஃபேஷன் இல்லை. ஆங்கிலக் கட்டடக் கலைஞர்களான மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதி 1940-களிலேயே மேற்கு ஆப்பிரிக்காவில் கட்டடம் கட்டியவர்கள். நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழக வளாகமும் அவர்கள் வடிவமைப்புதான். நைஜீரிய மாணவர் ஒருவர் எடுத்த முயற்சியால் 1953-ல் லண்டனில் இதற்கென ஒரு மாநாடு நடந்தது. அடுத்த ஆண்டே அங்கே தனிப் படிப்பும் வந்தது. பின்னர் அதை நடத்திய ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், அதற்கு முன் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர். உள்ளூர்க் கொத்தனார்களின் அறிவை இவர்கள் போதிய அளவு மதிக்கவில்லை என்ற விமர்சனமும் உண்டு. நியாயமான விமர்சனம்தான்.

பக்கத்திலேயே ஓர் உதாரணம், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது. ஜார்ஜ் நகாஷிமா அங்கேயே தங்கிக் கட்டுமானத்தைக் கவனித்தார். வேலை 1930-களின் பிற்பகுதியில் தொடங்கியது. நீளமான முகங்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருக்கும்; வெயில் சுடும் மேற்கில் குறுகிய சுவர் மட்டும்தான். நம் ஊரில் தெற்கு வெயில் உயரத்திலிருந்து வருவதால் ஒரு சன்ஷேடு போதும். மேற்கு வெயிலோ சாய்வாக உள்ளே நுழையும், சன்ஷேடு அதைத் தடுக்காது. கோல்கொண்டாவில் ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் திருப்பி மூடும் கிடைமட்டப் பட்டைகள். கூரை இரண்டு அடுக்கு, நடுவில் காற்று. ஏசி பரவலாக இல்லாத காலத்தில் போட்ட கணக்கு இது.

பெண்பிள்ளைக்கு இது சரிவருமா என்று உறவினர்கள் கேட்டால் மினெட் டி சில்வாவைச் சொல்லுங்கள். இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர் அவர். கண்டியில் மலைச்சரிவில் அவர் கட்டிய வீடு 1951-லேயே முடிந்துவிட்டது.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9, மதியம் 12, மாலை 4 மணிக்கு வீட்டுக்குள் விழும் வெயிலின் ஓரத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போடட்டும். அப்புறம் எந்த அறை ஏன் கொதிக்கிறது என்று வரைந்து விளக்கட்டும். அதில் சலிப்பு வந்தால் சிவில் பற்றி மறுபடி பேசலாம்.

பி.ஆர்க். ஐந்து வருடம். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு நாட்டா என்ற ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வு எழுதட்டும், திருச்சி என்.ஐ.டி. என்றால் ஜே.இ.இ. மெயின் தாள் 2ஏ. வெப்ப நாட்டுக் கட்டடக்கலையில் சிறப்புத் தேர்ச்சி எல்லாம் எம்.ஆர்க். சமாச்சாரம், இப்போதே அதைத் தேடி அலைய வேண்டாம். தொடக்கச் சம்பளம் ஐடி அளவுக்கு இருக்காது, இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கட்டடங்களின் மின்செலவைக் குறைக்கும் ஆலோசனை நிறுவனங்கள் இந்தக் கணக்குத் தெரிந்தவர்களைத்தான் எடுக்கின்றன. கட்டணம் கட்டுமுன் அந்தக் கல்லூரிக்கு ஆர்க்கிடெக்சர் கவுன்சில் அங்கீகாரம் இந்த ஆண்டும் இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். அது இல்லாமல் படித்தால், பின்னால் ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்ய முடியாது.